பார்வை நூல்களை எடைக்குப் போட முடிவு செய்த நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினருக்கு,

பார்வை நூல் பகுதியில் போக்குவரத்து வரலாறு, பழைய மோட்டார் வாகனங்கள், பழம்பொருள் சேகரிப்பு ஆகிய தலைப்புகளின் கீழ் உள்ள நான்கு அலமாரி நூல்களையும் இந்தக் காலாண்டு முடிவதற்குள் பதிவேட்டிலிருந்து நீக்கி, பழைய காகிதமாக எடைக்குப் போடப் போவதாக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: கடந்த ஐந்து ஆண்டுகளில் அந்நூல்களை எவரும் இரவல் பெறவில்லை, அவற்றிலுள்ள தகவல்கள் காலாவதியாகிவிட்டன, தேவைப்படுவோருக்கு அவை இணையத்தில் கிடைக்கின்றன. பதினெட்டு ஆண்டுகளாக அந்த அலமாரிகளுக்கு எதிரே உள்ள மேசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வரும் வாசகர் என்ற முறையில், இம்மூன்றில் ஒன்றைக்கூட என்னால் ஏற்க முடியவில்லை. முடிவெடுப்பதற்கு முன் அந்த மேசையைப் பயன்படுத்தும் எங்களில் ஒருவரையும் நீங்கள் கேட்கவில்லை என்பதால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்த நூல்கள் ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் ‘நூலகத்துள் மட்டும் படிக்க’ என்ற முத்திரை குத்தப்பட்டிருக்கிறது. அதைக் குத்தியது நூலகம். வெளியே கொண்டுபோகக் கூடாது என்று நீங்களே விதித்த நூலை எவரும் வெளியே கொண்டுபோகவில்லை என்று கணக்குக் காட்டி, அதையே அந்நூலை நீக்குவதற்குக் காரணமாக்குவது எப்படி நியாயமாகும்? அங்கேயே உட்கார்ந்து படிப்பவர்களைக் கணக்கெடுக்க உங்களிடம் பதிவேடு கிடையாது. மாலையில் மேசையில் கிடக்கும் நூல்களை ஊழியர் எடுத்து அலமாரியில் அடுக்குகிறார். அத்துடன் அந்த நாளின் பயன்பாடு எந்தத் தாளிலும் ஏறாமல் மறைந்துவிடுகிறது. மேலும், இத்தகைய நூலை யாரும் அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பதில்லை. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரே ஒரு பக்கத்துக்காக, ஒரே ஒரு அளவுக்காக அதைத் திறப்போம். அந்த ஓர் அளவு இல்லாமல் பல மாத வேலை நின்றுபோகும்.

எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். முழுவதுமாகப் பிரித்துப் பெட்டிகளில் அடைக்கப்பட்ட நிலையில் 1951-ம் ஆண்டின் எம்ஜி டிடி என்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று என் கைக்கு வந்தது. இயந்திரத்தைப் பூட்டத் தொடங்கியபோது, சிலிண்டர் பிளாக்கில் ஒரு போல்ட் இரண்டு மூன்று சுற்று இலகுவாக இறங்கிவிட்டு, அதன்பின் இறுகிக்கொண்டது. போல்ட்டின் தலைக்குப் பொருந்தியது விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அளவுமுறையின் ஸ்பேனர். ஆகவே மரையும் (திருகுப் புரிகளும்) ஆங்கிலேய அளவாகத்தான் இருக்க வேண்டும், துருவோ அழுக்கோ அடைத்திருக்கும் என்று நினைத்து, எண்ணெய் விட்டு இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பார்க்கலாம் என்றிருந்தேன். பக்கத்துத் துளையைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். எனக்கு முன் அந்தக் காரை வைத்திருந்தவர் அதே எண்ணத்தில் அதே வேலையைச் செய்திருக்கிறார். மரை முழுவதும் சிதைந்து, வார்ப்பிரும்பின் துகள்கள் அடியில் கிடந்தன.

மறுநாள் உங்கள் நூலகத்துக்கு வந்தேன். இரண்டாம் அலமாரியில் இருந்த உதிரிபாகப் பட்டியலில் அந்தப் போல்ட்டுக்கு 8 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. ஆங்கிலேய இயந்திரத்தில் மில்லிமீட்டர் அளவா என்று நம்ப முடியாமல், அச்சுப்பிழையாக இருக்கும் என்றே முடிவு கட்டினேன். அதே அலமாரியில் நான்கைந்து நூல்கள் தள்ளி இருந்த ஒரு தொழிற்சாலை வரலாற்று நூல்தான் விளக்கம் கொடுத்தது. ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு ஆயுத நிறுவனம் முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் தொழிற்சாலை அமைத்தது. போர் முடிந்ததும் அங்கே மோரிஸ் கார்களுக்கு இயந்திரங்கள் செய்யப்பட்டன. 1923-ல் மோரிஸ் கார்களின் அதிபர் வில்லியம் மோரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக்கொண்டார். மில்லிமீட்டர் அளவில் மரை வெட்டும் பிரெஞ்சு எந்திரங்கள் அங்கேயே தங்கிவிட்டன. அவற்றை மாற்றுவதற்குப் பதிலாக மரையை மில்லிமீட்டரிலேயே விட்டுவிட்டு, இங்கிலாந்துப் பட்டறைகளில் இருந்த ஸ்பேனர் பொருந்தும்படி போல்ட்டின் தலையை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். அந்த வழக்கம் 1939-ல் வந்த எக்ஸ்பிஏஜி என்ற இயந்திரத்திலும் தொடர்ந்தது. மோரிஸின் குழுமத்தில் உருவான எம்ஜி டிடியில் இருப்பது அந்த இயந்திரம்தான்.

இதில் உள்ள ஆபத்தை உங்களுக்கு விளங்கும்படி சொல்ல விரும்புகிறேன். அந்த மரையின் விட்டம் 8 மில்லிமீட்டர். ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடையே உள்ள தூரம் 1 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் போல்ட்டில் அந்த இடைவெளி 1.25 என்பதால் அது ஏறவே ஏறாது. தவறு என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் யுஎன்எஃப் என்ற அங்குல அளவுமுறையில் வரும் 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 24 புரிகள், அதாவது இடைவெளி ஏறத்தாழ 1.06 மில்லிமீட்டர். அது சரியான போல்ட் போலவே முதற்சுற்றுகளில் இறங்கும். அதன்பின் ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சிறு வேறுபாடு கூடிக்கொண்டே போய், எழுபது ஆண்டுக்கும் மேற்பட்ட வார்ப்பிரும்பைக் கிழித்துவிடும். அந்தப் பட்டியல் மட்டும் இருந்திருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன். வரலாற்று நூல் மட்டும் இருந்திருந்தால் அளவு தெரிந்திருக்காது. இரண்டும் ஒரே அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் அந்த இயந்திரம் பிழைத்தது. அலமாரி என்பது வெறும் இடவசதிக்கான ஏற்பாடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை என்னால் தர முடியாது.

அந்தத் தொழிற்சாலை வரலாற்று நூலில் உள்ள எந்தத் தகவல் காலாவதியாகிவிட்டது என்று உங்கள் குழுவைக் கேட்கிறேன். நடந்து முடிந்ததைப் பற்றிய செய்திக்குக் காலாவதித் தேதி கிடையாது. பழைய ரயில் கால அட்டவணைகளையும் அறிவிப்பில் தனியாகக் குறிப்பிட்டு, பயனற்றவை என்று எழுதியிருக்கிறீர்கள். பிரிட்டனில் பிராட்ஷா கால அட்டவணை 1839-ல் தொடங்கி 1961 வரை வெளிவந்தது. அதன் ஒரு பழைய இதழை வைத்து இன்று எவரும் ரயிலைப் பிடிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் இரண்டு ஊர்களுக்கிடையே அந்த ஆண்டில் ஒருவர் ஒரே நாளில் போய்த் திரும்பியிருக்க முடியுமா, சந்திப்பு நிலையத்தில் எவ்வளவு நேரம் காத்திருந்திருப்பார், ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டி இருந்ததா என்ற கேள்விகளுக்கு விடை அந்தக் காலாவதியான இதழில்தான் இருக்கிறது. புதிய அட்டவணை பயணிக்கு, பழைய அட்டவணை ஆய்வாளருக்கு. இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்திருக்கிறீர்கள்.

உங்கள் மூன்று காரணங்களில் கேட்பதற்கு மிகவும் நியாயமாகத் தோன்றுவதும், எனக்கு மிகுந்த கவலை தருவதும் இணையத்தைப் பற்றியதுதான். நானும் இணையத்தில் தேடுகிறேன். அங்கே படியெடுத்து வைத்திருப்பவர்களுக்கு நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இருப்பினும், அங்கே நான் பார்த்த பழுதுபார்ப்புக் கையேடுகளில் பலவற்றில் மடித்துவைக்கப்பட்ட வயரிங் வரைபடம் மடித்த நிலையிலேயே படியெடுக்கப்பட்டிருக்கிறது; தாளின் கால்வாசி மட்டும் தெரிகிறது, மிச்சம் மடிப்புக்குள் இருக்கிறது. விரித்து எடுத்தவர்களும் கறுப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறார்கள். பழைய ஆங்கிலேயக் கார்களில் வயரின் நிறமே அதன் பெயர்: பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் மின்சாரம், வெள்ளை என்றால் இக்னிஷன் சாவியைத் திருப்பிய பின் வருவது, பச்சை என்றால் அதன்பின் ஃபியூஸ் வழியாகப் போவது, நீலம் முகப்பு விளக்கு, சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். நிறங்களில் அச்சான அந்த வரைபடத்தைச் சாம்பல் நிறக் கோடுகளாக மாற்றிவிட்டால், மிஞ்சுவது ஒரு சிலந்திவலையின் படம் மட்டுமே.

இதனால் வந்த நட்டத்தை என் நண்பர் ஒருவர் அனுபவித்தார். அவரிடம் சிட்ரோயன் டிஎஸ் என்ற பிரெஞ்சுக் கார் ஒன்று இருந்தது. 1955-ல் அறிமுகமான அந்தக் காரில் சஸ்பென்ஷன், பிரேக், ஸ்டீயரிங் மூன்றும் ஒரே ஹைட்ராலிக் (திரவ அழுத்த) அமைப்பிலிருந்து இயங்குகின்றன. தொடக்க காலக் கார்களில் பயன்பட்டது செயற்கைத் திரவம். பின்னாளில் அது சிவப்பு நிறத்தில் வந்தது. 1966-ல் தொடங்கி அதற்குப் பதிலாகப் பச்சை நிறக் கனிம எண்ணெய் வந்தது. இரண்டுக்குமான ரப்பர் சீல்கள் வெவ்வேறு. ஒன்றுக்கான அமைப்பில் மற்றொன்றை ஊற்றினால் சீல்கள் கெட்டு, காரின் அமைப்பு முழுவதையும் பிரிக்க வேண்டிவரும். எந்தக் கார் எந்த வகை என்று மெக்கானிக் உடனே அறிவதற்காகப் புதிய வகையின் பாகங்களுக்குப் பச்சை வண்ணம் பூசினார்கள். என் நண்பர் இணையத்தில் பதிவிறக்கிய கையேட்டின் படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை. இடைக்கால ஆண்டுக் கார் என்பதால் ஆண்டை மட்டும் வைத்து அவரால் உறுதி செய்ய முடியவில்லை. அவருடைய பட்டறைக்காரருக்கும் தெரியவில்லை. ஊகித்து ஊற்றினார்கள். எட்டு மாதங்கள் அந்தக் கார் மரக்கட்டைகளின் மேல் நின்றது. அதே கையேட்டின் அச்சுப் பிரதி, வண்ணப் படங்களோடு, உங்கள் மூன்றாம் அலமாரியில் அப்போதும் இருந்தது. இந்த மடலை எழுதும் நாளிலும் இருக்கிறது.

நிறத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி கார் கறுப்பில் மட்டுமே வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். கறுப்பு மட்டும் என்ற நிலை 1914 முதல் 1925 வரைதான். அதற்கு முன் பச்சை, சிவப்பு, நீலம், சாம்பல் நிறங்களில் விற்றார்கள், கடைசி ஆண்டுகளில் நிறங்கள் மீண்டும் வந்தன. பழைய புகைப்படத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. ஏனெனில் அக்காலத்து புகைப்படத் தகடுகள் பெரும்பாலும் சிவப்பு ஒளியை உணராதவை, அதனால் செக்கச்சிவந்த காரும் படத்தில் கறுப்பாகவே விழும், நீலம் வெளிறித் தெரியும். உண்மையான நிறம் எது என்பதற்கு எஞ்சியிருக்கும் சான்றுகளுள் முக்கியமானவை, நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்கு அனுப்பிய வண்ணப் பட்டியல்கள். அவற்றில் சிலவற்றில் அச்சு மை இல்லை. அசல் பெயின்ட் பூசிய சிறு துண்டுகளே ஒட்டப்பட்டிருக்கின்றன. அத்தகைய பட்டியல்கள் உங்களிடம் இருக்கின்றன. அவற்றை எந்தக் கருவியால் படியெடுத்தாலும் திரைக்குத் திரை நிறம் மாறும். அந்தத் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

நூலகத்தின் பழைய வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். மோட்டார் வார இதழ்களை ஆண்டுவாரியாகத் தைத்து அட்டை போட்டபோது, இடம் மிச்சப்படுத்துவதற்காக முன்னட்டைகளையும் விளம்பரப் பக்கங்களையும் கிழித்துவிட்டிருக்கிறார்கள். பல நூலகங்களில் அப்படித்தான் நடந்தது. அன்று அது தவறாகத் தெரியவில்லை. இன்று எங்களுக்கு வேண்டியது பெரும்பாலும் அந்த விளம்பரங்கள்தான்: எந்த ஆண்டில் எந்த விளக்கு, எந்த டயர், எந்த மேற்கூரைத் துணி விற்பனைக்கு வந்தது என்பது கட்டுரைகளில் இல்லை, விளம்பரங்களில் இருந்தது. ஒருமுறை ‘தேவையற்றது’ என்று தீர்மானித்ததன் விளைவு உங்கள் அலமாரியிலேயே பாதி இதழ்களாக நிற்கும்போது, இரண்டாம் முறை அந்தத் தீர்மானத்தை இவ்வளவு அவசரமாக எடுக்க வேண்டாம் என்பதே என் வேண்டுதல்.

பொம்மைக் கார்கள், எனாமல் விளம்பரப் பலகைகள், பயணச்சீட்டுகள் பற்றிய சேகரிப்பு நூல்களை முதல் தவணையாகவே பெட்டிகளில் கட்டிவிட்டீர்கள். விளையாட்டுப் பொருள் பற்றிய நூல் பார்வை நூலாகாது என்று ஊழியர் ஒருவர் எனக்கு விளக்கம் சொன்னார். 1934-ல் டிங்கி என்ற பெயர் பெற்ற உலோகப் பொம்மைக் கார்களில் போருக்கு முந்தியவை பல இன்று தொட்டாலே நொறுங்குகின்றன. துத்தநாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டால், காற்றின் ஈரப்பதத்தில் உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, விரிந்து, வெடித்துப் போகும். தொடக்கத்தில் வெளியே எதுவும் தெரியாது, தொடங்கியதை நிறுத்தவும் முடியாது. இதை நான் முதன்முதலில் படித்தது அந்தப் பொம்மை நூல்களில்தான். அதே கலவையில் வார்த்த கார்புரேட்டர் உடல்களும் கதவுக் கைப்பிடிகளும் அதே காலத்துப் பெரிய கார்களிலும் உண்டு. மெல்லிய விரிசல் விட்ட ஒரு கார்புரேட்டரைப் பற்றவைத்துச் சரிசெய்யப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது சரிசெய்யக்கூடிய விரிசல் இல்லை என்று சொன்னது ஒரு பொம்மைச் சேகரிப்பு நூல்.

சேஸிஸ் எண் (காரின் அடிச்சட்டத்தில் பொறிக்கும் அடையாள எண்) பதிவேடுகள் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எழுத்துகளும் எண்களுமாக 17 குறிகள் கொண்ட ஒரே மாதிரியான வாகன அடையாள எண் அமெரிக்காவில் 1981 மாதிரி ஆண்டிலிருந்துதான் கட்டாயமானது. அதற்கு முன் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் போட்டது. ஆகவே ஒரு பழைய கார் சொல்லப்படும் கார்தானா, அல்லது வேறொன்றின் தகட்டை அடித்து ஒட்டியதா என்று அறிய அந்தந்த நிறுவனத்தின் எண் வரிசையை அச்சிட்ட நூல்கள் வேண்டும். உங்கள் மேசையில் அப்படி ஒரு நூலைத் திறந்து பார்த்துவிட்டு, வாங்கவிருந்த காரை வேண்டாம் என்று சொல்லி எழுந்துபோனவரை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லா நூல்களையும் காப்பாற்றித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இடப் பற்றாக்குறை உங்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. குழந்தைகள் பிரிவுக்கு இடம் கிடைப்பதை நானும் விரும்புகிறேன். அந்த அலமாரிகளில் நீக்கத் தக்கவையும் உள்ளன. பளபளக்கும் தாளில் பெரிய படங்களை மட்டும் அடுக்கி, எந்த ஆண்டு, எந்த மாதிரி, அசலா மாற்றியமைத்ததா என்ற ஒரு வரிகூட இல்லாத படத்தொகுப்புகள் பலவற்றையும், ஒன்றையொன்று பார்த்து எழுதி ஒரே பிழையைத் திருப்பித் திருப்பிச் சொல்லும் பொது அறிமுக நூல்களையும் நீங்கள் எடுத்துவிட்டால் நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். ஓர் அலமாரியேனும் அதில் காலியாகும் என்பது என் கணிப்பு. ஆனால் உங்கள் பட்டியலில் அவையும், வண்ணத்துண்டு ஒட்டிய பட்டியல்களும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பட்டியலைத் தயாரித்தவர் நூல்களைத் திறந்து பார்க்கவில்லை என்பது அதிலிருந்தே தெரிகிறது.

பொது நூலகத்துக்கு இது தகாத சுமை என்று உங்கள் குழுவில் ஒருவர் கருதுவதாகக் கேள்விப்பட்டேன். டெட்ராய்ட் பொது நூலகம் தேசிய மோட்டார் வாகன வரலாற்றுத் தொகுப்பு என்ற பெயரில் ஒரு தனித் தொகுப்பையே பேணுகிறது; பிலடெல்பியாவின் பொது நூலகத்திலும் மோட்டார் வாகனப் பார்வைத் தொகுப்பு ஒன்று உண்டு. அவற்றில் உள்ளவை பெரும்பாலும் நீங்கள் எடைக்குப் போட நினைக்கும் அதே வகைக் கையேடுகளும் விற்பனைத் துண்டுப் பிரசுரங்களும்தான். 1969-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட மோட்டார் வாகன வரலாற்றாளர் சங்கம், இத்துறையில் வரும் சிறந்த நூலுக்கு ஆண்டுதோறும் நிக்கொலா-ஜோசப் கூனியோவின் பெயரால் விருது வழங்குகிறது. 1769-ல் நீராவியால் ஓடும் வண்டியைச் செய்த பிரெஞ்சுப் பொறியாளர் அவர். வேறிடங்களில் முறையான வரலாற்றுத் துறையாக மதிக்கப்படுவதை இங்கே பொழுதுபோக்கு என்று தள்ளிவிடாதீர்கள்.

ஆகவே உங்கள் குழுவிடம் நான் கேட்பவை இவை. நூல்களை எடைக்குப் போடும் முடிவை உடனடியாக நிறுத்திவைத்து, ஏற்கெனவே கட்டிவைத்துள்ள பெட்டிகளைப் பிரித்து நூல்களை அவற்றின் இடத்தில் திரும்ப அடுக்க வேண்டும். இரவல் கணக்கைக் கைவிட்டு, மேசையில் ஒரு சீட்டுப்பெட்டி வைத்து, நூலகத்துள் எடுத்துப் படிக்கப்படும் பார்வை நூல்களை முழுதாக ஓர் ஆண்டுக்குக் கணக்கெடுக்க வேண்டும். நீக்கப்பட வேண்டியவை எவை என்பதை ஒவ்வொரு நூலாகத் திறந்து பார்த்து முடிவு செய்ய, வாசகர்கள் இருவரையேனும் சேர்த்து ஒரு சிறு குழு அமைக்க வேண்டும். அக்குழு நீக்கச் சொல்லும் நூல்களும் முதலில் வேறொரு நூலகத்துக்கோ பழைய வாகன ஆர்வலர் மன்றங்களுக்கோ தரப்பட வேண்டும். வாங்க ஆளில்லாதபோது மட்டுமே அவை காகிதக் கடைக்குப் போகலாம். படியெடுக்கும் திட்டம் உங்களுக்கு இருந்தால், மடித்த தாள்களை முழுவதும் விரித்து, வண்ணத்தில், அட்டைகளும் விளம்பரங்களும் உட்பட எடுக்க வேண்டும்; படியெடுத்த பிறகும் மூலப் பிரதி அலமாரியில் இருக்க வேண்டும்.

இந்தக் கோரிக்கைகளுக்குக் காலாண்டு முடிவதற்குள் எழுத்து வடிவில் பதில் தந்து, அதை முதல் அறிவிப்பு ஒட்டிய அதே பலகையில் ஒட்டுங்கள். நூல்களைத் திறந்து பார்த்துத் தரம்பிரிக்க ஆள் இல்லை என்பது தடையாக இருந்தால், செவ்வாய், வியாழன் இரண்டு நாட்களிலும் பிற்பகலில் நான் வருகிறேன்; என்னோடு அந்த மேசையில் உட்காரும் இன்னும் மூவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் அலமாரியிலிருந்து தொடங்கலாம்.

இப்படிக்கு,
பார்வை நூல் பகுதியின் வாசகர்